வானத்தில் எழுதினவர்களும் நிலத்தில் நின்றவர்களும்

விமானிகளின் மரணவீட்டில் வாசிக்கப்படுகிற ஒரு ஆங்கிலக் கவிதை இருக்கிறது. பதினாலே வரி. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில தொலைக்காட்சி நிலையங்கள் இரவு ஒளிபரப்பை முடிக்கும்போதுகூட அதைப் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார்களாம். 1966இல் மைக்கல் கொலின்ஸ் ஜெமினி 10 விண்கலத்தில் போனபோது அதன் பிரதி ஒன்றைக் கொண்டுபோனார். பேர் 'ஹை ஃபிளைட்'. எழுதினது 19 வயதுப் பெடியன், ஜோன் கில்லெஸ்பி மகீ.

பறத்தல் பற்றின புத்தகங்களை வாசிக்கத் தொடங்குகிற ஆரும் இந்தக் கவிதையில் ஒருக்கா முட்டுப்படத்தான் வேணும். இந்தக் கட்டுரையும் அதிலிருந்தே தொடங்குது. ஆனா அதோட நிக்கப் போவதில்லை.

மகீ 1922இல் ஷங்காயில் பிறந்தவர். தகப்பன் அமெரிக்கர், தாய் ஆங்கிலேயப் பெண், ரெண்டு பேரும் மிஷனரிமார். பெடியனுக்கு யேல் பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் கிடைத்தது. அதை விட்டுப்போட்டு 1940இல் கனடா விமானப்படையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கா போருக்குள் வரவில்லை, கனடா வந்திருந்தது. அடுத்த வருசம் இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் ஓட்டினார். 1941 ஓகஸ்ட்டில் 30,000 அடிக்கு மேல் ஏறினபோது மனதில் தொடங்கின கவிதையை, செப்டெம்பர் 3இல் பெற்றோருக்கு எழுதின கடிதத்தோடு அனுப்பினார்.

கவிதை முழுக்க சந்தோசம். பூமியின் பிடியிலிருந்து கழண்டு, முகிலுக்குள்ளே உருண்டு, காற்றைத் துரத்தி, கடைசியில் கடவுளுக்குக் கிட்டப் போய்விட்ட ஒரு உணர்வு. அதில் துவக்கு இல்லை, எதிரி இல்லை, குண்டு இல்லை. போர் விமானத்துக்குள்ளே இருந்து எழுதின கவிதையில் போர் எண்ட சொல்லே இல்லை.

அந்த வருசம் டிசெம்பர் 11இல் லிங்கன்ஷயரில் முகிலுக்கு ஊடாகக் கீழே இறங்கும்போது மகீயின் ஸ்பிட்பயர் ஒரு பயிற்சி விமானத்தோடு மோதியது. மகீ இறந்தார். மற்ற விமானத்தில் இருந்த பயிலுநர் விமானியும் இறந்தார். அவருக்கும் வயது 19. ஒருவருக்குக் கவிதை இருந்தபடியால் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. மற்றவரின் பேரைத் தேடித்தான் எடுக்க வேணும்.

கனபேருக்குத் தெரியாத பகுதி இனித்தான் வருது. 1937 டிசெம்பரில் யப்பானியப் படை சீனாவின் நான்ஜிங் நகரைப் பிடித்தபோது அங்கே நிண்ட வெளிநாட்டவர் சிலரில் மகீயின் தகப்பனும் ஒருவர். அவருக்கும் பேர் ஜோன் மகீதான், அங்கிலிக்கன் பாதிரியார். ஓகஸ்ட்டிலிருந்தே அந்த நகரின் மேல் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. பிறகு தரைப்படை வந்து படுகொலை தொடங்கியது. பாதிரியாரிடம் 16 மில்லிமீற்றர் கமெரா ஒன்று இருந்தது. அதால் ஆஸ்பத்திரியில் கிடந்த காயக்காரரைப் படமெடுத்தார். வெட்டுப்பட்டவர்கள், எரிக்கப்பட்டவர்கள், பெண்கள், சின்னப் பிள்ளைகள். 1938 ஜனவரியில் இன்னொரு மிஷனரி தன்ர கோட்டின் உள்துணிக்குள்ளே வைத்துத் தைத்து அந்தப் படச்சுருளை வெளியே கொண்டுபோனார். போருக்குப் பிறகு, 1946இல், டோக்கியோவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் பாதிரியார் சாட்சி சொன்னார்.

ஒரே குடும்பம். தகப்பன் நிலத்தில் நின்று கமெராவைத் தூக்கினார், மகன் வானத்தில் ஏறிக் கவிதை எழுதினார். மகன் எழுதினது பொய் எண்டு நான் சொல்ல வரவில்லை. அந்த உயரத்தில் அந்த வயதில் வருகிற சந்தோசம் உண்மையானதுதான். ஆனா பறத்தல் இலக்கியம் எண்டு நாங்கள் கொண்டாடுகிறதில் பெரும்பகுதி மகன் பக்கம்தான் நிற்கிறது. ஏனெண்டா எழுதுகிறதுக்கு இருக்கை கிடைத்தது மேலே இருந்தவர்களுக்கு.

எல்லோரும் அப்படி இல்லை. ரண்டல் ஜரெல் எண்ட அமெரிக்கக் கவிஞர் விமானியாக வரப் பயிற்சிக்குப் போய், அதில் தேறாமல், நட்சத்திரங்களை வைத்து வழி கண்டுபிடிக்கிறதை மற்றவர்களுக்குப் படிப்பிக்கிற வேலைக்கு விடப்பட்டவர். குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே கண்ணாடி உருண்டை ஒன்று தொங்கும். அதுக்குள்ளே வயிற்றில் கிடக்கிற பிள்ளைமாதிரி சுருண்டு இருந்து சுடுகிற சிப்பாயைப் பற்றி 1945இல் அவர் எழுதின கவிதை வெறும் ஐந்து வரி. அதில் மகிமை ஒன்றும் இல்லை, அந்த உடம்புக்கு என்ன நடந்தது எண்டது மட்டும்தான் இருக்கு. விமானத்தை ஓட்டாத ஒருவரால்தான் அதை அப்படி எழுத முடிந்ததோ எண்டு எனக்கு ஒரு யோசனை.

பறந்துகொண்டே கீழே பார்த்தவரும் இருக்கிறார். 'குட்டி இளவரசன்' எழுதின செந்த்-எக்சுபெரி. 1940 மே மாதம் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது வேவு பார்க்கிற விமானத்தில் அராஸ் நகருக்கு மேலால் போனவர். அந்தப் பறப்பைப் பற்றி 1942இல் வந்த புத்தகத்தில் தெருக்களை நிறைத்துப் போகிற அகதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். எங்கே போறம் எண்டு தெரியாமல் காரிலும் வண்டிலிலும் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட சனம். 1944 யூலை 31இல், வேவுக் கமெரா பூட்டின ஒரு பி-38 விமானத்தில் போனவர் திரும்பி வரவில்லை. மார்செய் கடலில் கிடந்த உடைந்த பாகங்கள் அவருடைய விமானத்தினுடையவைதான் எண்டு 2004இல் உறுதியானது.

அந்த பி-38 எங்களை மற்றப் புத்தக அடுக்குக்குக் கொண்டுபோகுது. மகீ இறக்கிறதுக்கு ஒரு மாதம் முந்தி, 1941 நொவெம்பர் 4இல், கலிபோர்னியாவில் ரால்ஃப் வேர்டன் எண்ட சோதனை விமானி அதே வகை விமானத்தை வேகமாகக் கீழே பாய்ச்சுகிற சோதனையில் இறந்தார். வால் பகுதி பிய்ந்து போனது. அந்தக் காலத்தில் வேகமான விமானங்களைச் செங்குத்தாகக் கீழே இறக்கின விமானிகள் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: விமானம் உதறும், மூக்கு தானாகக் கீழே போகும், கட்டுப்பாட்டுத் தடி கல்லில் புதைத்ததுமாதிரி அசையாது.

என்ன நடக்குது? ஏ.எல் பௌதிகவியல் படிச்சவர்களுக்கு லேசாக விளங்கும். விமானம் முன்னுக்குப் போகும்போது காற்றில் அமுக்க அலைகளை அனுப்புகிறது. அவை ஒலியின் வேகத்தில் போய், முன்னுக்கு இருக்கிற காற்றை விலகச் சொல்லுகின்றன. விமானமே ஒலியின் வேகத்தை நெருங்கினால் அறிவித்தல் முன்னுக்குப் போக முடியாது. அலைகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து அதிர்ச்சி அலையாக மாறும். சிறகின் மேல்பக்க வளைவில் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுகிறபடியால், விமானம் ஒலியின் வேகத்தில் மூன்றில் ரெண்டு பங்கை எட்டும்போதே சிறகின் மேல் அந்த அலை வந்துவிடலாம். பி-38க்கு நடந்தது அதுதான். உயரத்தில் குளிர் கூட, ஒலியின் வேகம் குறையும். கடல் மட்டத்தில் மணிக்கு 1,225 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது, 11 கிலோமீற்றர் உயரத்தில் 1,060 அளவுக்கு இறங்கும். ஆகவே உயரத்தில் பறக்கிறவர் ஆபத்துக்கு இன்னும் கிட்ட இருக்கிறார்.

இந்தக் கதையைப் படிக்க வேணுமெண்டா ஜோன் அண்டர்சனின் புத்தகங்கள் நல்லவை. சமன்பாட்டுக்கு இடையில் வரலாற்றை வைத்து எழுதுகிறவர். பழசு வேணுமெண்டா தியடோர் வொன் கார்மன் 1954இல் எழுதின வளியியக்கவியல் வரலாறு. 'ஒலித்தடை' எண்ட சொல்லே பத்திரிகைக்காரர் ஆக்கினது. 1935இல் ஹில்டன் எண்ட பிரித்தானிய ஆய்வாளர், வேகம் கூடும்போது காற்றின் தடை எப்படிச் செங்குத்தாக ஏறுது எண்டு ஒரு நிருபருக்கு வரைபில் காட்டினார். அடுத்த நாள் அது வானத்தில் நிற்கிற மதிலாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது வோல்டர் வின்சென்டி 1990இல் வெளியிட்ட புத்தகம். பொறியியலாளருக்கு என்ன தெரியும், அது எப்படித் தெரியவந்தது எண்டதுதான் அதின் கேள்வி. அதில் ஒரு அத்தியாயம் விமானிகளின் உணர்வைப் பற்றினது. 'இது நல்ல விமானம்', 'இது கைக்கு அடங்காது' எண்டு விமானிகள் சொல்லுவார்கள். அதை வைத்து ஒரு சிறகை வடிவமைக்க முடியாது. அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருசம் விமானிகளோடு கதைத்து, கருவிகளைப் பூட்டி அளந்து, தடியை இழுக்க எவ்வளவு விசை வேணும், அந்த விசைக்கு விமானம் எவ்வளவு வளைய வேணும் எண்டு எண்ணாக்கினார்கள். றொபேட் கில்ருத் 1943இல் வெளியிட்ட அறிக்கை அந்த வேலையின் முடிவு. மகீ கவிதையாக்கின அதே உணர்வை இவர்கள் அட்டவணையாக்கினார்கள். அதால் எத்தனையோ பெடியன்கள் உயிரோட வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

1946 செப்டெம்பர் 27இல் பிரித்தானியாவில் ஜெஃப்ரி டி ஹவிலன்ட், வாலில்லாத டிஎச் 108 விமானத்தில் இறந்தார். 1947 ஒக்டோபர் 14இல் சக் யேகர் எக்ஸ்-1 ரொக்கெட் விமானத்தில் ஒலியைவிட 1.06 மடங்கு வேகத்தில் பறந்தார். டொம் வுல்ஃப் 1979இல் எழுதின 'த ரைட் ஸ்டஃப்' யேகரின் துணிவைச் சுவையாகச் சொல்லும்: குதிரையால் விழுந்து விலா எலும்பு உடைந்ததை மறைத்துக்கொண்டு போனது எல்லாம் உண்மைதான். ஆனா எக்ஸ்-1இல் வால் சிறகு முழுசாகவே அசையும். அதிர்ச்சி அலை வழமையான சுக்கானைச் செயலிழக்க வைத்தபோதும் யேகருக்குக் கட்டுப்பாடு இருந்ததுக்குக் காரணம் அதுதான். வீரக்கதை சொல்லுகிற புத்தகங்களில் உந்த வாலுக்கு ரெண்டு வரி கிடைத்தாலே பெரிய விசயம்.

இப்ப 1986 ஜனவரி 28க்கு வருவம். சலெஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கனில் உடைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அண்டைக்குப் பின்னேரம் ஜனாதிபதி ரீகன் தொலைக்காட்சியில் பேசினார். பேச்சை முடித்தது மகீயின் கவிதை வரிகளால். நாடே அழுதது. 

ஆனா முதல் நாள் இரவே, குளிரில் றப்பர் வளையங்கள் இறுகிப்போகும், ஏவ வேண்டாம் எண்டு ரொக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வாதாடியிருந்தார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த றிச்சர்ட் ஃபைன்மன் அப்படியான வளையத் துண்டொன்றை ஐஸ் தண்ணிக்குள் வைத்து எடுத்துக் காட்டினார். தன்ர பின்னிணைப்பில் அவர் எழுதினது இன்னும் கூர்மையானது. இப்படியொரு விபத்துக்கான வாய்ப்பு நிர்வாகத்தின் கணக்கில் ஒரு இலட்சத்தில் ஒன்று, வேலை செய்த பொறியியலாளர்களின் கணக்கில் நூறில் ஒன்று. கவிதை அந்த ஏழு பேரையும் வானத்துக்கு அனுப்பிவைத்தது. அவர்கள் ஏன் செத்தார்கள் எண்டதைச் சொன்னது அறிக்கை. துக்கத்துக்குக் கவிதை தேவைதான். காரணம் கேட்க வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் அது திரைச்சீலையாகிவிடும்.

எங்கட பக்கத்தில் வானத்தைப் பார்த்த தலைமுறை ஒன்று இருக்கு. 1996இல் இலங்கை விமானப்படைக்கு கிபிர் வந்ததுக்கு முந்தியும் பிந்தியும், சத்தத்தை வைத்தே என்ன விமானம் எண்டு சொல்லப் பழகின சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். விமானம் 3 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 250 மீற்றர் வேகத்தில் போகுது எண்டு வைப்பம். சத்தம் நிலத்துக்கு வர 9 செக்கன் அளவு எடுக்கும். அதுக்குள்ளே விமானம் 2 கிலோமீற்றர் தாண்டிவிடும். சத்தம் வந்த திசையில் விமானம் இராது எண்டதைப் பனங்குற்றி போட்ட பங்கருக்குள் இருந்தவர்கள் பாடப்புத்தகம் இல்லாமலே படித்தார்கள். 1995 யூலை 9இல் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் தேடியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்கள். அதிவேகப் பறப்பின் வரலாற்றில் இந்த அறிவுக்கும் இந்தச் சாவுகளுக்கும் ஒரு அத்தியாயம் இருக்க வேணும். விமானத்திலிருந்து போட்ட முதல் குண்டு 1911 நொவெம்பர் 1இல் லிபியாவில் விழுந்தது. போட்ட இத்தாலிய விமானி வீட்டுக்குக் கடிதம் எழுதினார். கீழே இருந்தவர்கள் எழுதினது எங்கட கைக்கு வரவில்லை.

அதுக்காக மகீயை வாசிக்காதேங்கோ எண்டு சொல்லவில்லை. நல்ல கவிதை, வாசியுங்கோ. அதுக்குப் பிறகு ஜரெலின் ஐந்து வரியையும், செந்த்-எக்சுபெரியின் அகதித் தெருவையும், ஃபைன்மனின் பின்னிணைப்பையும் வாசியுங்கோ. பறத்தல் பற்றின எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், இதை எழுதினவர் ஒருக்காவாவது கீழே பார்த்தாரா எண்டு கேளுங்கோ. உங்கட வீட்டில் பங்கருக்குள் இருந்த அம்மாவோ மாமாவோ இருந்தால், அந்தச் சத்தங்களைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கோ. அந்தப் புத்தகத்தை வேறு ஆரும் எழுதப் போவதில்லை.