ஊழும் ஊரும்: தமிழ்க் கதைமரபில் காரணம் இடம்பெயர்ந்த வரலாறு

மதுரை அரண்மனையில் ஆடல் நடந்துகொண்டிருக்கிறது. நாடக மகளிரின் ஆட்டத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் மனம் லயித்துக் கிடப்பதைக் கண்ட கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து அந்தப்புரம் போய்விடுகிறாள். ஊடலைத் தணிக்க அரசன் அவள் பின்னே போகிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் தன் சிறுகுடிலில் இருக்கிறான் என்கிறான். வேறொரு வேளையில் இதே செய்தி வந்திருந்தால் அரசன் அமைச்சரை அழைத்திருக்கலாம், சிலம்பைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கலாம். மனைவியின் கோபம் நெஞ்சில் நெருடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவன் காவலரைக் கூப்பிடுகிறான். சிலம்பு அந்த ஆள் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டு எடுத்துவரச் சொல்கிறான்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் வரும் இந்த இடத்தில் இளங்கோவடிகள் ஒரு காரியம் செய்கிறார். ஊடல், அவசரம், பொற்கொல்லனின் வஞ்சகம் என்று மனிதர் அளவில் எல்லாக் காரணங்களையும் அடுக்கிவிட்டு, வினை விளையும் காலம் வந்துவிட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். கானல்வரியிலும் இப்படித்தான். திருடன் என்று குற்றம் சாட்டப்பட்ட கோவலனும் அவன் காதலி மாதவியும் பிரிவதற்கு யாழோடு பாடிய பாட்டில் எழுந்த சந்தேகமே போதும். கோவலன் இன்னொருத்தியை நினைத்துப் பாடுவதாக மாதவி எண்ணுகிறாள். அவள் பதிலுக்குப் பாடுவதை அவனும் அப்படியே எடுத்துக்கொள்கிறான். அங்கேயும் ஊழ்வினை யாழைச் சாக்காக்கிக்கொண்டு வந்தது என்று கவி சொல்கிறார்.

ஒரு செயலுக்கு இரண்டு காரணங்கள் எதற்கு? தமிழ்க் கதைமரபின் வரலாற்றை இந்தக் கேள்வி வழியாகப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. பழைய இலக்கியம் விதியை நம்பியது, புதிய இலக்கியம் மனிதனைக் கண்டது என்ற வழக்கமான கணக்கு அந்தச் சித்திரத்தில் நிற்காது. தொடக்கத்திலிருந்தே இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன. காலந்தோறும் மாறியது, எந்தக் காரணத்தின் மேல் பொறுப்பு ஏற்றப்பட்டது என்பதுதான்.

சங்க அகப்பாடல்களில் நிகழ்ச்சிகளின் சங்கிலி குறைவு. அங்கே நிலமும் பொழுதும் மனநிலையுமே பேசுகின்றன. ஆனாலும் தலைவனும் தலைவியும் முதன்முதலில் சந்திப்பது ஏன் என்று தொல்காப்பியம் யோசித்திருக்கிறது. உயர்ந்த பாலின் ஆணை என்று களவியலில் விடை தருகிறது. கணியன் பூங்குன்றனார் உயிரை ஆற்று நீரில் செல்லும் தெப்பத்துக்கு ஒப்பிடுகிறார். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம். ஆள்வினையுடைமைக்கு இன்னோர் அதிகாரம். முன்னது ஊழைவிட வலியது எதுவென்று கேட்கிறது. பின்னது சோர்வின்றி முயல்பவர் ஊழையும் புறங்காட்ட வைப்பர் என்கிறது. இந்த இழுபறி தீராத நிலையில்தான் காப்பியம் பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனின் முற்பிறவிக் கதை எங்கே சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் வெட்டுப்படுவது பதினாறாவது காதையில். மதுராபதித் தெய்வம் அவன் மனைவி கண்ணகி முன் வந்து பழைய கதையை விரித்துரைப்பது இருபத்து மூன்றாவது காதையான கட்டுரை காதையில். கலிங்க நாட்டில் சிங்கபுரத்து அரசன் வசுவுக்கும் கபிலபுரத்துக் குமரனுக்கும் பகை. கபிலபுரத்து வணிகன் சங்கமன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வணிகம் செய்ய வருகிறான். அரசனிடம் வேலை பார்த்த பரதன் அவனை ஒற்றன் என்று பிடித்துக்கொடுத்துக் கொல்லவைக்கிறான். நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு, மலையிலிருந்து வீழ்கிறாள். அந்தப் பரதனே கோவலன். தன் கணவனைக் கண்ணகி மறுபடி காணப்போவதும் பதினான்கு நாள் கழித்துத்தான்.

பதிகத்தில் இதன் குறிப்பு முன்பே வந்தாலும், விரிவான விளக்கம் வந்து சேரும்போது வழக்கு முடிந்துவிட்டது. அரசன் தன் பிழையை உணர்ந்து வீழ்ந்துவிட்டான், நகரம் எரிந்துவிட்டது. அவையில் கண்ணகியிடம் யாரும் ஊழைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தாலும் அவள் ஏற்றிருப்பாளா? சிலம்பின் பரல் என்ன என்பதே அங்கே கேள்வி. முத்தா, மாணிக்கமா? தடயத்தை வைத்துத் தீர்ப்பு வருகிறது. முற்பிறவிக் கதை பாண்டியனுக்கு விடுதலை வாங்கித் தரவில்லை என்பதை இந்த வரிசைமுறையே காட்டிவிடுகிறது.

1927-இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றி உரையாற்றிய இ. எம். ஃபார்ஸ்டர், கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஓர் உதாரணம் சொன்னார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்பது கதை; துயரத்தால் இறந்தாள் என்று சேர்த்தால் அது பின்னல். வழக்குரை காதையின் முடிவில் நடப்பது இதுவேதான். கணவனை இழந்தவர்க்கு ஆறுதல் கிடையாது என்று கோப்பெருந்தேவி நடுங்கி விழும் இடத்தில் இளங்கோ ஊழைக் கூப்பிடவில்லை. அங்கே துயரமே போதுமான காரணமாக இருக்கிறது.

இளங்கோ வரிசைமுறையால் உணர்த்தியதை மணிமேகலையில் சீத்தலைச் சாத்தனார் கொள்கையாகவே சொல்கிறார். காயசண்டிகையின் உருவத்தில் இருக்கும் மணிமேகலையை இளவரசன் உதயகுமரன் பின்தொடர்கிறான். தன் மனைவி காயசண்டிகையைத்தான் தொடர்கிறான் என்று எண்ணிய விஞ்சையன் காஞ்சனன் அவனை வாளால் வெட்டிவிடுகிறான். முற்பிறவியில் உதயகுமரன் இராகுலன். துறவிக்கு உணவு கொண்டுவந்த சமையற்காரன் கால் வழுக்கிப் பாத்திரத்தோடு விழுந்தபோது, ஆத்திரத்தில் அவனை வெட்டிக் கொன்றவன். வாளுக்கு வாள் என்று கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும். தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை அப்படி விடவில்லை. இளவரசன் உயிரை உண்டது ஊழ்தான் என்றாலும், அறியாமல் நீ செய்த கொடுவினை உன்னையும் விடாது என்று காஞ்சனனிடம் சொல்கிறது. ஊழ் ஒருவனைக் கருவியாக்கினாலும் கருவியானவன் குற்றவாளிதான். தமிழ்க் கதைமரபு காரணத்தைப் பற்றிச் சொன்னவற்றில் இதைவிடக் கூர்மையானது குறைவு.

இந்தக் காப்பியம் காரணகாரியத்தைப் பாடமாகவே நடத்துகிறது. சமயக்கணக்கர் காதையில் அனுமானம் மூன்று வகையாக வருகிறது. கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது இன்னொன்று. கடைசிக் காதையில் அறவண அடிகள் பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் பன்னிரு சார்புகளை உபதேசிக்கிறார். பேதைமை அறுந்தால் மற்றவை ஒவ்வொன்றாக அறும். விதி என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுங்காமல், கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

கம்பன் செய்த மாற்றம் சிறியது, விளைவு பெரியது. சிறுவயதில் இராமன் உண்டைவில்லால் கூனியின் கூன்மேல் அடித்தான் என்ற செய்தி திருமழிசையாழ்வார், நம்மாழ்வார் பாசுரங்களில் ஏற்கெனவே வருகிறது. அங்கே அது தெய்வக் குழந்தையின் விளையாட்டு. அதைக் கம்பன் எடுத்து அந்தக் கூனியான மந்தரையின் நெஞ்சில் பகையாக வைக்கிறான். முடிசூட்டுச் செய்தி கேட்டதும் அவளுக்கு நினைவு வருவது அந்த மண்ணுருண்டை. வான்மீகியின் மந்தரைக்கு இப்படி ஒரு காயம் சொல்லப்படுவதில்லை. கம்பன் கைகேயியின் மனம் திரிந்ததற்குத் தேவர்களின் மாயையையும் சொல்கிறான்; காட்டுக்குப் புறப்படும் இராமன், நதியில் நீரில்லாதது நதியின் பிழையல்ல என்பதுபோல் இதுவும் விதியின் பிழை என்று இலக்குவனைத் தேற்றுகிறான். இலக்குவனோ விதியையே வெல்லும் என் வில் என்று சீறுகிறான்.

இத்தோடு நின்றிருந்தால் பழைய இரட்டைக் காரணமே. கிட்கிந்தா காண்டத்து அரசியற் படலத்தில் கம்பன் இன்னும் ஓர் அடி வைக்கிறான். சுக்கிரீவனுக்கு ஆட்சிமுறை சொல்லும்போது, சிறியவர் என்று இகழ்ந்து யாருக்கும் நோவு செய்யாதே என்கிறான் இராமன்; அப்படித் தான் செய்த ஒரு தீமையால்தான் கூனி வழியாகத் துயரக் கடலில் விழுந்தேன் என்று தன்னையே சான்றாகக் காட்டுகிறான். தம்பியிடம் விதியின் பிழை என்றவன், அரசு ஏற்கும் நண்பனிடம் என் பிழை என்கிறான். முற்பிறவிக்குப் போகாமல், இதே பிறவியின் சிறுவயதில், ஓர் அடிமைப் பெண்ணின் முதுகில் காரணம் கண்டுபிடிக்கப்படுகிறது. அதுவும் காப்பியத் தலைவனின் வாயாலேயே. தமிழ்க் கதைசொல்லலில் இது ஒரு திருப்பம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கதைப்பாடல்களில் எதிர்த்திசை ஓட்டம் ஒன்றும் உண்டு. மதுரைவீரன் சக்கிலியர் குடியில் வளர்ந்தவன். அரச குலத்துப் பெண்ணான பொம்மியை மணந்தவன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கதைப்பாடலோ அவன் காசிராசனின் மகன் என்றும், சோதிடர் சொல் கேட்டுக் காட்டில் விடப்பட்டவன் என்றும் தொடங்குகிறது. முத்துப்பட்டன் கதையில் அவன் மணந்த பொம்மக்கா, திம்மக்கா இருவருக்கும்கூட உயர்குடிப் பிறப்பு ஒட்டப்பட்டது. காத்தவராயன் கதை கயிலாயத்துச் சாபத்தில் போய் நிற்கிறது. இவற்றைப் பதிப்பித்து ஆராய்ந்த நா. வானமாமலை, இத்தகைய பிறப்புக் கதைகளைப் பிற்காலத்து ஒட்டுகளாகவே கண்டார். அவர் கண்டது சரி. சிலம்பில் முற்பிறவிக் கதை யாருடைய குற்றத்தையும் மறைக்கவில்லை. இங்கே அந்த உத்தியே கொலைக்கான உண்மைக் காரணமான சாதியை மூடும் திரையாகிவிட்டது. நல்லதங்காள் கதை மட்டும் இந்தத் திரையை அதிகம் நாடவில்லை. பஞ்சம் வருகிறது, பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, பிறந்த வீட்டுக்குப் போனால் அண்ணி மூளி அலங்காரி கதவடைக்கிறாள், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தாயும் விழுகிறாள். வானமும் வயிறும் ஒரு வீட்டுக் கதவும்தான் அங்கே காரணம்.

அச்சு பரவிய பிறகு நாவல் வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீப். சாட்சியம் கேட்டே பழகியவர். இருந்தும், 1879-இல் வெளியான அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் தற்செயலுக்குப் பஞ்சமில்லை. ஆண்வேடத்தில் இருக்கும் ஞானாம்பாளுக்கு யானை மாலை போட்டு அவள் அரசாள்கிறாள். பி. ஆர். ராஜம் ஐயர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய நாவலுக்கு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று பெயர். தலைப்பிலேயே காரணமும் விளைவும் இருக்கின்றன: அபவாதம், ஆபத்து. சிறுகுளம் கிராமத்துப் பெண்களின் வம்பர் மகாசபையில் புரளும் பேச்சுகளை ராஜம் ஐயர் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார். ஊழ் செய்த வேலையை ஊர்வாய் எடுத்துக்கொள்கிறது. முடிவு வேதாந்தத்தில் போய்ச் சேர்ந்தாலும், குடும்பத்தைக் குலைத்தது எது என்பதில் வாசகருக்குச் சந்தேகம் வராது.

வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-இல் வந்தது. ருக்மிணியின் வாழ்க்கை சரியத் தொடங்குவது ஒரு கம்பெனி முறிவில். சென்னையின் பெயர்பெற்ற அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலானது. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த முறிவில்தான் ருக்மிணியின் தந்தை காமேசுவரையரின் பணமும் போகிறது. சீர்செனத்திக்கு வழியில்லை என்றதும் மாமியார் வீட்டு முகம் மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கணவன் நாகராஜன் பெற்றோருக்குப் பாடம் புகட்ட, இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல் நடிக்கிறான். நண்பனிடம் சொன்ன திட்டத்தை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள். செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சியும் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கொல்கின்றன. கோவலன் கதையின் அளவுக்கே இறுக்கமான பின்னல் இது; முற்பிறவி மட்டும் இல்லை.

புதுமைப்பித்தன் இதைக் கூலிக்கணக்கு வரை கொண்டுபோனார். 'பொன்னகர'த்து அம்மாளு, விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா ஓட்டும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும் என்பதற்காக இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்குகிறாள். கிடைப்பது முக்கால் ரூபாய். 1943-இல் எழுதிய 'சாப விமோசன'த்தில் அவர் புராணத்தையே மறுபடி திறந்தார். அகலிகை முதலில் கல்லானது முனிவரின் சாபத்தால். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதையின் வாயாலேயே கேட்டபின் அவள் மீண்டும் கல்லாகிறாள். இம்முறை சாபம் கொடுத்தவர் எவருமில்லை. விளைவு ஒன்றுதான், காரணம் வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்டது. இரண்டாவது கல்லுக்கு விமோசனம் எழுதும் துணிவு எந்த இராமாயணத்துக்கும் இருக்காது.

1982-இல் வந்த பூமணியின் 'வெக்கை' விளைவிலிருந்து தொடங்குகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம் கையை மட்டும் வெட்ட நினைத்து ஆளையே கொன்றுவிட்டு ஓடுகிறான். பிறகு தந்தையும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரியும் நாட்களில், பேச்சுவாக்கில், சமைக்கும் நேரத்தில், காரணம் துண்டு துண்டாக வருகிறது: நிலத் தகராறு, அண்ணனின் கொலை, நீதி கிடைக்காமை. வெற்றிமாறன் 2019-இல் இதை 'அசுரன்' என்று படமாக்கியபோது, நாவலில் இல்லாத அளவுக்குத் தந்தையின் இளமைக் காலத்தைப் பெரிதாக விரித்தார். காப்பியம் முற்பிறவிக் கதையை வைத்த இடத்தில் திரைப்படம் முந்தைய தலைமுறையை வைத்தது. பின்கதையின் நடுவே இருப்பது பஞ்சமி நிலம். செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு கைமாறிப்போன நிலம் அது. படத்தில் தந்தையான சிவசாமி மகனிடம் சொல்ல வேண்டியிருந்த பழைய கதை, அரசுப் பதிவேட்டில் எண் போட்டுத் தேடி எடுக்கக்கூடிய ஒன்று.