கட்டும் இல்லை, மரமும் இல்லை

காயல்பட்டினத்துக் கடற்கரையில் சாயங்கால வேளையில் மணலில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்தமான காரியம். கொற்கையையும் பழையகாயலையும் தாமிரபரணியின் வண்டல் தூர்த்துவிட்ட கரை இது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயல்' என்று குறித்துவைத்த துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. அந்தப் பழம்பெருமையை நினைத்துக்கொண்டுதான் போன மாதம் அங்கே போயிருந்தேன்.

சிங்கித்துறைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த படத்தை அவரிடம் காட்டினேன். "அண்ணாச்சி, இதன் பெயர் என்ன தெரியுமா? கட்டுமரம்!"

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுல கட்டு எங்க இருக்கு தம்பி? மரம் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. அது 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'அமெரிக்கா கோப்பை'க்காகப் பந்தயம் ஓடிய படகு. 72 அடி நீளமுள்ள இரண்டு உடல்கள். அவற்றின்மேல் ஏறக்குறைய 130 அடி உயரத்துக்குப் பாய்க்குப் பதிலாக ஓர் இறக்கை. எல்லாம் கரி இழையால் ஆனவை.

நம்முடைய கட்டுமரமோ இலேசான மரங்களைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்தது. ஆணி கிடையாது. அலை மரங்களின் இடுக்கு வழியே ஏறி, வந்த வழியே இறங்கிவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள்; இல்லாவிட்டால் ஊறிக் கனத்துவிடும். சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-இல் வெளியான தம் பிரயாண நூலில் இந்தச் சொல்லையும் எழுதிவைத்தார். அன்றிலிருந்து சொல் ஊர் சுற்றத் தொடங்கியது. 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்குக்கூட அந்தப் பெயரையே சூட்டினார்கள்!

இரண்டு உடல் கொண்ட படகு நாம் கொடுத்ததல்ல. அந்தப் பெருமை பசிபிக் தீவு மக்களைச் சேர்ந்தது. நாம் கொடுத்தது பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரை இரட்டைப் படகின்மேல் அழுத்தமாகப் பதித்தவர்களில் ஒருவர் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர். தம் 28-ஆம் வயதில், 1876-ஆம் வருஷம், 'அமரில்லிஸ்' என்ற படகை நியூயார்க் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு உடல்களும் அலைக்கேற்பத் தனித்தனியே அசையும்படி மூட்டுகளால் இணைத்திருந்தார். ஆணியடித்து இறுக்காமல் அலைக்கு இடம் கொடுப்பது நம் கயிற்றுக்கட்டும் அறிந்த சூட்சுமமல்லவா? அமரில்லிஸ் மற்றப் படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள்; அத்தகைய படகுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்று விலக்கிவைத்தார்கள்.

1988-இல் அதே கதை மீண்டும் நடந்தது. நியூசிலாந்தின் மிகப் பெரிய ஒற்றையுடல் படகுக்கு எதிராக, இறக்கைப் பாய் கட்டிய 60 அடி இரட்டைப் படகை அமெரிக்கர் இறக்கினார்கள். இறக்கையைச் செய்தது விமானம் கட்டும் கம்பெனி. அமெரிக்கா இரண்டு ஓட்டத்திலும் ஜெயித்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போய், 1990-இல்தான் கோப்பை அவர்களுக்கென்று முடிவாயிற்று.

இறக்கையின் ரகசியம் இதுதான்: துணிப்பாய் காற்றில் படபடத்து வடிவம் கெடும்; இறக்கை கெடாது. காற்று அதன் வளைந்த முதுகில் விரைந்தோடும்போது அந்தப் பக்கம் அழுத்தம் குறைய, படகு அங்கே இழுக்கப்படுகிறது. படகு ஓட ஓட, ஓட்டத்தால் எழும் எதிர்க்காற்றும் இறக்கையில் சேர்கிறது. அதனால்தான் 2013-இன் படகுகள், நீருக்கடியிலுள்ள தகடுகள் உடலையே மேலே தூக்க, வீசும் காற்றைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தன. 8-க்கு 1 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கப் படகு, அடுத்த எட்டு ஓட்டங்களையும் வென்று கோப்பையைக் காத்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர், "கவுந்தா என்ன செய்வாங்க?" என்றார்.

2013 மே 9-ஆம் தேதி பயிற்சியின்போது அப்படி ஒரு படகு கவிழ்ந்து உடைந்ததையும், ஆண்ட்ரூ சிம்ப்சன் என்ற ஒலிம்பிக் வீரர் அதனடியில் சிக்கி இறந்ததையும் சொன்னேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுத்தார். "எங்க மரம் கவுந்தா பெரட்டிப் போட்டு ஏறிக்கிடுவோம். தண்ணி நெறய அதுல பள்ளம் கிடையாது. முழுகாது."

வேகத்துக்காகக் கட்டியது அது. திரும்பி வருவதற்காகக் கட்டியது இது. எதைப் பெரிது என்பீர்கள்?

"உங்கள் மரம் எங்கே, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பைபர் போட்டு வந்தப்பறம் யாரு தம்பி மரம் ஏறுதா? அவுத்தாச்சு. வீட்டுக்குப் பின்னால கெடக்கு."

அமெரிக்கா கோப்பையிலும் 2017-க்குப் பிறகு ஒற்றையுடல் படகுகளே திரும்பிவிட்டன. ஆனால் உலகத்துத் துறைகளிலெல்லாம் இரட்டைப் படகுகள் நம் பெயரைச் சுமந்துகொண்டு மிதக்கின்றன. பெயர் பிழைத்துக்கொள்ளும், அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. எந்த மரத்தை எந்தக் கயிற்றால் எப்படி முடிவது என்பது இந்தப் பெரியவரின் விரல்களில் இருக்கிறது. அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, கேட்டு முடிந்து பழக இளைஞர் இரண்டுபேர் முன்வந்தால், ஒரு கட்டுமரமாவது மறுபடி இந்தக் கரையில் நீரில் இறங்கும். அவர் வீட்டுக்குப் பின்னால் மரங்கள் தயாராகக் கிடக்கின்றன.