தனுஷ்கோடியை விழுங்கிய இரவு: பினாங்குத் தமிழர் மறக்கக்கூடாத புயல்



"பினாங்கில் புயல் அடிக்காது" என்பது இந்தத் தீவில் பல தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் பேச்சு. மேற்கே சுமத்ரா சுவர் போல நிற்கிறது. பூமத்திய ரேகையோ பக்கத்தில் இருக்கிறது. அந்த ரேகைக்கு அருகில் காற்று சுழன்று புயலாவது அரிது என்று வானிலை அறிவியலும் சொல்கிறது. ஆகவே டத்தோ கிராமாட் சாலை வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குப் புயல் என்றால் அது வேறு நாட்டுச் செய்தி.

ஆனால் அதே டத்தோ கிராமாட்டில் வாழும் தமிழர் பலரின் பூர்வீகம், புயலையே காலக்கணக்காகக் கொண்ட கடற்கரை மாவட்டங்களில் இருக்கிறது. நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், "புயல் அடிச்ச வருஷம்" என்று சொல்லித்தான் திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் கணக்கிடுவார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகளில் மறக்கவே முடியாதது 1964.

தொடங்கியது எங்கே?

1964 டிசம்பர் 17ஆம் தேதி, தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அது உருவான இடம் ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 5 பாகை. பினாங்கு இருப்பதோ 5.4 பாகையில். அதாவது, ஜார்ஜ் டவுனிலிருந்து நேர் மேற்கே, சுமத்ராவின் வட முனையைத் தாண்டிய கடலில்தான் அந்தப் புயல் கருக்கொண்டது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் பிறந்த புயல் அபூர்வமானது.

டிசம்பர் 19ஆம் தேதி அது கடும் புயலாக வலுத்தது. மேற்கு நோக்கி நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியா வழியாகப் பாய்ந்து, அன்று நள்ளிரவில் இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையைத் தாக்கியது. அந்த முனையில் இருந்த ஊர்தான் தனுஷ்கோடி.

காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. கடல் அலைகள் 7 மீட்டர் உயரத்துக்கு எழுந்தன. இரண்டு மாடி வீட்டின் உயரம் அது!

அது எப்படிப்பட்ட ஊர்?

இன்று பாழடைந்த தேவாலயச் சுவரையும் இரயில் நிலையத்தின் எச்சத்தையும் காணும் இளைஞர்கள், தனுஷ்கோடி ஏதோ ஒரு குக்கிராமம் என்று நினைக்கலாம். உண்மையில் அது ஒரு துறைமுக நகரம். இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. சென்னை எழும்பூரில் ஏறும் பயணி 'போட் மெயில்' இரயிலில் தனுஷ்கோடி வந்து இறங்குவார். அங்கே கப்பலேறி, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள தலைமன்னாரை அடைவார். அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு.

மலாயாவுக்கு வந்த தமிழர்களுக்கு நாகப்பட்டினமும் சென்னையும் எப்படி வாசலாக இருந்தனவோ, இலங்கைக்குச் சென்றவர்களுக்குத் தனுஷ்கோடி அப்படி வாசலாக இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்குக்கு வர, தம்பி தனுஷ்கோடி வழியாகக் கண்டிக்குப் போன கதைகள் ஏராளம்.

நிலமோ ஒரு நீண்ட மணல் நாக்கு. ஒருபக்கம் அமைதியான பாக் நீரிணை. அதை மீனவர்கள் 'பெண் கடல்' என்பார்கள். மறுபக்கம் சீறும் மன்னார் வளைகுடா. அது 'ஆண் கடல்'. அன்றைய இரவில் அந்த வேறுபாடு மறைந்து, இரண்டும் ஒரே கடலாயின.

653ஆம் எண் இரயில்

டிசம்பர் 22ஆம் தேதி இரவு 11.55 மணிக்கு, ஆறு பெட்டிகளைக் கொண்ட 653ஆம் எண் பயணிகள் இரயில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியர்களும் இருந்தனர். தனுஷ்கோடியை நெருங்கும்போது சைகை விளக்கு எரியவில்லை. சுற்றிலும் கும்மிருட்டு. சற்று நேரம் காத்திருந்த ஓட்டுநர், நீண்ட ஊதலொலி எழுப்பிவிட்டு இரயிலை மெல்ல நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. சில நிமிடங்களில் பேரலை ஒன்று இரயிலை அப்படியே மூழ்கடித்தது.

பயணச்சீட்டு வாங்கியவர்களை வைத்துத்தான் 110 என்ற கணக்கு வந்தது. சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் எத்தனை பேர்? அதற்கு எந்த ஏட்டிலும் பதில் இல்லை. அந்த இரயில் என்ன ஆனது என்பதுகூட வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன. பாம்பனிலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலைக் கொண்டு, டிசம்பர் 25ஆம் தேதிதான் இரயில்வே தலைமையகம் செய்தியை வெளியிட்டது.

இந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. திரைக்கலைஞர்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது இராமேசுவரத்தில் சிக்கி உயிர் தப்பினர் என்பதைப் பழைய இரசிகர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். இராமநாதசுவாமி கோயிலுக்குள் நூற்றுக்கணக்கானோர் தஞ்சம் புகுந்தனர். வெள்ளம் கோயிலுக்கு அருகிலேயே நின்றுவிட்டது.

தப்பியவர்கள் சொன்னது

அரசாங்க ஏடு எண்ணிக்கையைச் சொல்லும். ஆனால் இருட்டில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் எங்கே ஓடினார்கள், எந்த மேடு காப்பாற்றியது என்பதை அனுபவித்தவர் வாய்மொழிதான் சொல்லும். உயரமான மணல் திட்டுகளைத் தேடி ஓடியவர்கள் பிழைத்தார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்று எண்ணியவர்கள் சுவரோடு போனார்கள். எஞ்சியவர்களில் பலர் இராமேசுவரத்திலும், அதையடுத்த நடராஜபுரத்திலும் குடியேறினர். வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை மாநில அரசு தனுஷ்கோடியை அறிவித்தது. ஆனாலும் சில மீனவக் குடும்பங்கள் திரும்பிச் சென்று, மின்சாரமில்லாத குடிசைகளில், மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்து வாழ்ந்தன. பிழைப்பைத் தரும் கடலை அவர்களால் விட முடியவில்லை.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலமும் அன்று சிதைந்தது. கடலில் விழுந்த இரும்பு உத்திரங்களைத் தேடி எடுத்து, 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்த பணிக்குத் தலைமை ஏற்றவர் இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் டில்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரே. பாலம் மீண்டது. தனுஷ்கோடி இரயில் பாதை மீளவில்லை. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறியது. இலங்கைப் போரால் 1980களில் அதுவும் நின்றது. தனுஷ்கோடி கடந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017இல்தான்.

பினாங்கில் என்ன நடந்தது?

அக்காலத்தில் பினாங்கையும் தமிழகத்தையும் இணைத்தது 'ராஜுலா' கப்பல். 1926 முதல் 1973 வரை ஓடிய அந்தக் கப்பலைத் தெரியாத பெரியவர்கள் இங்கே குறைவு. தொலைபேசி வசதி எல்லார் வீட்டிலும் இல்லாத காலம். ஊரில் புயல் என்றால், பத்திரிகையில் படிப்பதும், கடிதம் வரும் வரை காத்திருப்பதும்தான் வழி. கடிதம் வரவில்லை என்றால் என்ன பொருள் என்பதை, காத்திருந்தவர் மட்டுமே அறிவார்.

அந்தக் காத்திருப்பும் ஒரு புயல் அனுபவம்தான். ஆனால் அதை எவரும் பதிவு செய்யவில்லை.

நினைவு ஏன் முக்கியம் என்பதற்குச் சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமலூ தீவே சான்று. 1907இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. நிலம் கடுமையாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று அத்தீவின் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தனர். 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் ஆழிப்பேரலைக்குப் பலியானவர்கள் ஏழு பேர் மட்டுமே. அதே நாளில் மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைக் கடற்கரையில் கழிக்க வந்தவர்கள். ஆழிப்பேரலை பற்றி இங்கே எந்தப் பாட்டியும் கதை சொல்லியிருக்கவில்லை.

புயல் வராத ஊரா?

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் பெருங்காற்றுடன் கொட்டிய மழையை டத்தோ கிராமாட் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றுநீர் கரை மீறியது. பி.ரம்லி சாலை, பேராக் சாலை வட்டாரங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். மாநில முதலமைச்சர் நள்ளிரவில் இராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று.

அதற்கு முன், 2001 டிசம்பரில் பூமத்திய ரேகையை ஒட்டி உருவான 'வாமெய்' புயல் ஜொகூரைத் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'சென்யார்' புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்ராவில் ஏராளமான உயிர்களைப் பறித்துவிட்டுத் தீபகற்ப மலேசியாவின் பக்கம் திரும்பியது. சுவர் என்று நம்பிய சுமத்ராவுக்கு இந்தப் பக்கத்திலேயே புயல் பிறந்துவிட்டது! அரிது என்பது வேறு, வராது என்பது வேறு.

செய்ய வேண்டியது

நேயர்களே, 1964இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். தனுஷ்கோடியையோ, அந்த ஆண்டின் காத்திருப்பையோ நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறார்கள். தைப்பூச இரதம் செல்லும் டத்தோ கிராமாட் சாலையில், ஈயம் உருக்கும் ஆலை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. கட்டடம் போனால் படமாவது மிஞ்சும். மனிதர் போனால் அவர் சொல்லாமல் விட்டது எதுவும் மிஞ்சாது.

இந்த வார இறுதியில் வீட்டுப் பெரியவர் அருகில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். "தாத்தா, நீங்க பார்த்த புயல் எது? தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு? எங்க ஓடினீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து, தேதியையும் ஊரையும் எழுதி வையுங்கள். 2017 வெள்ளத்தில் வீட்டுச் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதையும் சேர்த்தே குறித்து வையுங்கள். அடுத்த பெருமழை இரவில், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.