ப்ரோக்குலஸின் பே ஸ்லிப்

ஆணி கம்மியா இருந்த ஒரு மதியம், என் பி.எஃப். கணக்கைப் பார்த்துட்டு இருந்தேன். ரிட்டயர் ஆக இன்னும் முப்பது வருஷம். சரி, கொசுவர்த்தியைச் சுத்தி ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போவோமா?

எகிப்துல கிடைச்ச ஒரு பாப்பிரஸ் ஏட்டுல ரோமானியச் சிப்பாய் ப்ரோக்குலஸோட சம்பளக் கணக்கு இருக்கு. கி.பி. முதல் நூற்றாண்டு. ஒரு தவணைக்கு 248 டிராக்மா. பிடித்தம்: வைக்கோல் 10, சாப்பாடு 80, பூட்ஸ் வகையறா 12, முகாம் பண்டிகைக்கு 20, துணிமணி 60. மிச்சம் 66 சேமிப்பில் வரவு. அட, நம்ம பே ஸ்லிப்பேதான்!

அந்தச் சேமிப்புக்குப் படைக்கொடி பிடிக்கிறவர்தான் கணக்குப்பிள்ளை.

ஓய்வுக்காலப் பணம்? முன்னெல்லாம் நிலம் கொடுத்தாங்க. வாங்கித் தர்றது தளபதி. அதனால படையும் அவர் பின்னாடியே போச்சு, உள்நாட்டுப் போர்கள் வந்தன. அகஸ்டஸ் இதை மாத்தினார். கி.பி. 5-ல் விதி: 20 வருஷ சேவை, முடிவில் 12,000 செஸ்டர்ஸ். வருஷச் சம்பளமே 900தான்! அடுத்த வருஷம் தனி ராணுவக் கருவூலம். சொந்தப் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார். வாரிசுச் சொத்துக்கு 5%, ஏல விற்பனைக்கு 1% வரி.

பேப்பர்ல எல்லாம் சூப்பர். ஆனா கி.பி. 14-ல் அகஸ்டஸ் இறந்ததும் ரைன், டான்யூப் படைகள்ல கலகம். 30, 40 வருஷம் ஆகியும் விடலை, விட்டாலும் சதுப்பும் மலையுமா நிலம் தர்றாங்கன்னு புகார். டாசிடஸ் ஒரு காட்சி எழுதறார்: ரைன் முகாமில் கிழட்டுச் சிப்பாய்கள் முத்தம் கொடுக்கிற மாதிரி தளபதி ஜெர்மானிகஸ் கையைப் பிடிச்சு, விரலை வாய்க்குள்ள விட்டுக் காட்டினாங்களாம். உள்ளே பல்லே இல்லை.

16 வருஷத்துல விடறோம்னு வாக்கு கொடுத்துக் கலகத்தை அடக்கினாங்க. மறுவருஷமே அது ரத்து. 20 வருஷத்துக்குக் குறைஞ்சா கருவூலம் தாங்காதுன்னார் பேரரசர் டைபீரியஸ்.

ஓய்வூதியச் செலவைக் குறைக்க ஈஸியான வழி, ஆளை ஓய்வே பெற விடாம இருக்கறதுதான் போல.

சேமிப்பும் தப்பலை. கி.பி. 89-ல் சாட்டர்னைனஸ் ரெண்டு படைப்பிரிவு சேர்ந்திருந்த முகாமில் கலகம் பண்ணினார். அங்க குவிஞ்சிருந்த சேமிப்புதான் அவருக்குத் தெம்புன்னு நினைச்ச டொமிஷியன், ஆளுக்கு 1,000 செஸ்டர்ஸுக்கு மேல போடக்கூடாதுன்னுட்டார்.

12,000 பேரரசரோட வாக்கு. 66 கணக்கில் ஏறின காசு. ப்ரோக்குலஸ் எதை நம்பித் தூங்கியிருப்பார்?

கொசுறு: ஒவ்வொரு படையிலும் ஈமச்சடங்குக்குன்னு தனியா ஒரு பணப்பை உண்டாம். உங்க பி.எஃப்.ல நாமினி பேர் போட்டாச்சா மக்களே?