கைத்தொழில் கண்ட ரசாயன ஞானி

படித்து முடித்ததும் ஓர் உத்தியோகம், அதுவும் மேசையும் நாற்காலியும் உள்ள உத்தியோகம்: இதுவே நம் இளைஞர் பலரின் இலட்சியம். லயத்திலே பிறந்து பல்கலைக்கழகத்தை எட்டிய நாமும் இதற்கு விலக்கல்லோம். கல்விக்கு இதனினும் பெரிய பயன் உண்டென்று வாழ்ந்து காட்டிய ஒரு பெரியாரின் சரித்திரத்தைச் சற்றே சிந்திப்போம். அவர்தாம் வங்காளத்து ரசாயன அறிஞர், ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி, இன்று வங்காளதேசத்திலுள்ள ராருலிக் கிராமத்தில் அவர் பிறந்தார். புலமைப்பரிசில் பெற்று எடின்பரோ சென்று, 1887இல் விஞ்ஞான கலாநிதியானார். தாயகம் திரும்பியவருக்கு ஏறக்குறைய ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. கல்விச் சேவையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாயிருந்த காலம் அது. 1889இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில், மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியரானார்.

பட்டதாரிகள் குமாஸ்தா வேலைக்கு அலைவதையும், மருந்துப் புட்டிகள் சீமையிலிருந்து கப்பலேறி வருவதையும் கண்டு அவர் உள்ளம் நொந்தது. நொந்ததோடு நின்றாரல்லர். 1892இல் சுமார் 700 ரூபாய் முதலுடன், தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார். அம்முதல் அவருடைய மூன்று மாதச் சம்பளத்திலும் குறைவு! இறைச்சிக் கடைகள் கழித்த எலும்பைச் சேர்த்து எரித்து, அச்சாம்பலில் கந்தகத் திராவகத்தைச் சேர்த்துப் பொசுபேற்று உப்பு எடுத்தார். சீமை மருந்துகளோடு நம் நாட்டு ஆடாதோடையும் ஓமமும் அவர் புட்டிகளில் இடம் பெற்றன. தோள் கொடுத்த டாக்டர் அமுல்ய சரண் போஸ் 1898இல் பிளேக் நோய்க்கு இரையானார். எனினும் ராய் தளரவில்லை. 1901இல் அம்முயற்சி 2 இலட்சம் ரூபாய் மூலதனத்துடன் ‘பெங்கால் கெமிக்கல்’ என்னும் கம்பனியாக வளர்ந்தது. 1905இல் மாணிக்தலாவில் அதன் தொழிற்சாலை எழுந்தது. 1980இல் அந்நிறுவனம் அரசுடைமையாயிற்று.

தொழில் நடத்தினார் என்பதால் அவர் விஞ்ஞானத்தைக் கைவிடவில்லை. பாதரச நைத்திரைற்று பற்றிய ஆராய்ச்சியை 1896இல் வெளியிட்டார். இந்து ரசாயன சாஸ்திர வரலாற்றின் முதற் பாகத்தை 1902இல் தந்தார். செல்வத்தையும் தமக்கெனச் சேர்க்கவில்லை. அறுபது வயதின் பின் தம் பல்கலைக்கழகச் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே ஈந்தார். 1944இல் மறையும்வரை பிரமசாரியாய், எளிய அறையொன்றிலேயே வாழ்ந்தார். பெற்ற தாலந்தை மண்ணிலே புதையாது பலருக்குப் பயன்பட வைத்த வாழ்வு அது.

இதனை லிந்துலையில் நாம் ஏன் நினைக்க வேண்டும்? பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காற்றுப்பட்டுச் சிவந்து, சூட்டில் உலர்ந்து தேயிலையாவது முழுவதும் ரசாயனமே. நம் பெற்றோர் அதனைக் கையாலும் மூக்காலும் அறிவர். அது ஏன், எப்படி என்று கேட்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்ததில்லை. அவர்கள் கொழுந்து பறித்த கூலியில் படித்த நமக்கு அது கிடைத்திருக்கிறது. கேட்டறிவதோடு நில்லாமல், அறிந்ததைத் தொழிலாக்கி நாலு பேருக்கு வேலை கொடுக்கவும் நாம் முன்வரல் வேண்டும். பட்டம் நமக்கு முடிவாகாது, அதுவே முதலாகட்டும்.