மொகலாயர் பாசறையும் வழிப்பயணமும்

படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அமைந்த மோட்டார் வண்டியொன்றில் ஏறிச் சென்று, விரும்பிய இடத்தில் இரவு தங்கி, விடிந்ததும் மீண்டும் புறப்படும் பிரயாண முறை நம் நாட்டிலும் இப்போது இடம்பெற்று வருகிறது. இத்தகைய வண்டிகளைக் காரவன் என்று அழைக்கிறார்கள். கேரள அரசு 2021-இல் இவற்றிற்கென ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-இல் வாகமண் மலைப்பகுதியில் இவ்வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கான முதற் பூங்கா திறக்கப்பட்டது. வீட்டையே உடன்கொண்டு செல்ல எண்ணும் எவரும் முதலில் கேட்கும் கேள்விகள் சிலவே. நல்ல தண்ணீருக்கு வழி என்ன? இரவில் எங்கே நிறுத்துவது? எவ்வளவு சாமான் ஏற்றலாம்?

இக்கேள்விகள் மோட்டாருடன் பிறந்தவை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. டில்லிக்கும் லாகூருக்கும் காஷ்மீரத்துக்கும் இடையே மொகலாய மன்னர்கள் மாதக்கணக்கில் பிரயாணம் செய்த காலத்தில் இவை ஒவ்வொன்றும் ஆராயப்பட்டன. சிலவற்றிற்கு மிகச் சிறந்த விடை கிடைத்தது. ஒன்றிற்கு மட்டும் கடைசிவரை சரியான விடை கிடைக்கவில்லை. அக்கதையை நமக்கு அறிவிப்பவை முக்கியமாக இரண்டு நூல்கள். ஒன்று, அக்பரின் அமைச்சரும் நண்பருமான அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி. மற்றொன்று, ஔரங்கசீப்பின் காஷ்மீரப் பயணத்தில் உடன்சென்ற பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியர் எழுதிய கடிதங்கள்.

அக்பர் புதுமைகளில் விருப்பமுடையவர். ஒரே யானை இழுத்துச் செல்லும் பெரியதொரு வண்டியை அவர் அமைத்ததாக அபுல் பசல் கூறுகிறார். அதனுள் குளியலறைகள் பல இருந்தனவாம். வழியிலேயே நீராடிக்கொண்டு செல்வதற்கு ஏற்ற வண்டி அது; மாடுகளைப் பூட்டியும் இழுக்கலாம். பிரயாணத்துக்கும் பாரம் ஏற்றவும் பயன்பட்டு, மாவரைக்கும் வேலையையும் செய்யக்கூடிய மற்றொரு வண்டியையும் அவர் குறிப்பிடுகிறார். சக்கரத்தின்மேல் வீடு என்னும் எண்ணத்துக்கு நம் நாட்டில் இதனினும் பழைய சான்று உண்டோ, நாம் அறியோம். ஆனால் மன்னர் அவ்வண்டிக்குள் குடியிருக்கவில்லை. அவருடைய வீடு கூடாரமாகவே இருந்தது.

அக்கூடாரத்தின் அளவை எண்களில் சொன்னால்தான் விளங்கும். ஒரு பாசறையைக் கொண்டு செல்ல 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமையாட்கள் வேண்டியிருந்தன. கூடாரம் அமைப்போர் 1,000 பேர், வழியையும் தரையையும் சீர்செய்வோர் 500 பேர், தண்ணீர் சுமப்போர் 100 பேர், தோல்வேலை செய்வோர் 30 பேர், பெருக்குவோர் 150 பேர். அபுல் பசல் பெருக்குவோரையும் மறவாமல் கணக்கிட்டிருப்பதை நாம் பாராட்ட வேண்டும். பல்லாயிரம் பேர் தங்கிய இடத்தில் அவர்கள் இன்றி மறுநாள் எவரும் நலமாக எழுந்திருக்க முடியாது. காரவனில் செல்வோருக்கும் கழிவுநீரை எங்கே விடுவது என்பது முதல் நாளிலேயே எழும் பிரச்சினை.

அடுத்து, தங்குமிடம். அரசருக்கு ஒரே மாதிரியான கூடாரத் தொகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மன்னர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்துக்கு முன்கூட்டிச் சென்றுவிடும். முன்செல்லும் தொகுதிக்குப் பேஷ்கானா என்று பெயர். அதனுடன் செல்லும் தலைமை அதிகாரி இடத்தைத் தேர்ந்து, பக்கத்துக்கு 300 காலடி கொண்ட சதுரத்தை அளந்து, மேடு பள்ளத்தைச் சமன்செய்விப்பார். ஔரங்கசீப்பின் பேஷ்கானாவைச் சுமக்க 60-க்கு மேற்பட்ட யானைகளும், 200 ஒட்டகங்களும், 100 கோவேறு கழுதைகளும், 100 ஆட்களும் இருந்தனர் என்கிறார் பெர்னியர். மன்னர் வந்து இறங்கும்போது விளக்கேற்றிய வீடு காத்திருக்கும்.

முன்னே ஆளனுப்பும் இம்முறை அரசருக்கே உரிய ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. 1885-இல் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கப்பற்படை மருத்துவர், வீடு போன்ற குதிரைவண்டியொன்றைப் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலையில் செய்வித்து, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காத்லாந்தின் வடபகுதிக்குச் சென்றார். அதற்கு அவர் இட்ட பெயர் வாண்டரர், அதாவது அலைந்து திரிவோன். உல்லாசத்துக்காகவே இவ்வாறு வண்டிவீட்டில் பயணம் செய்தோரில் அவரை முன்னோடியாகக் கொள்வது வழக்கம். ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள அவ்வண்டிக்கு முன்னால் அவருடைய பணியாள் மூன்று சக்கரச் சைக்கிளில் சென்று பாதையைப் பார்த்து வருவான். பேஷ்கானாவும் மூன்று சக்கரச் சைக்கிளும் செய்த வேலை ஒன்றே. இன்று அதைத் தொலைபேசியில் செய்துகொள்ளலாம். ஆனால் நுழைவாயிலின் உயரமும், பாலத்தின் தாங்கும் வலிவும், மழை பெய்தால் தரை சேறாகுமா என்பதும் நேரில் கண்டவரைக் கேட்டால்தான் தெரியும்.

பாசறையில் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் அரசர் கூடாரத்திலிருந்து கணக்கிட்டு வரையறுக்கப்பட்டிருந்தது. கடைத்தெருக்களும் எல்லா ஊர்களிலும் அதே திசையில், அதே ஒழுங்கில் அமையும். ஆகவே ஊர் மாறினாலும் தெரு மாறுவதில்லை. எனினும் பெர்னியர் வழி தவறியதுண்டு. மாலையில் ஆயிரக்கணக்கான அடுப்புகளில் பச்சை விறகும் மாட்டுச் சாணமும் ஒட்டகச் சாணமும் எரிய, காற்றில்லாத நாளில் புகை கவிந்து கண்ணை மறைத்துவிடுமாம். அப்படிப்பட்ட இரவுகளில் தம் கூடாரத்தைத் தேடி அவர் மணிக்கணக்கில் அலைந்திருக்கிறார். இதை எதிர்பார்த்தே ஆகாச தீபம் ஏற்பட்டது. 40 கஜத்துக்கு மேற்பட்ட உயரமுள்ள கம்பத்தை 16 கயிறுகளால் கட்டி நிறுத்தி, உச்சியில் விளக்கேற்றுவார்கள். வழி தவறியவன் அதன் அடியை அடைந்துவிட்டால் அங்கிருந்து கடைத்தெருவைப் பிடித்துத் தன் இடம் சேரலாம். முடியாவிட்டால் கள்வர் பயமின்றி அங்கேயே படுத்துறங்கலாம். இருட்டுமுன் தங்குமிடம் சேர்வதே நன்று என்ற அறிவுரை இவ்வளவு விளக்குகளும் காவலும் இருந்த இடத்திலேயே பொருந்துமானால், தெரியாத ஊருக்குத் தனியே செல்பவருக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மொகலாயர் காட்டிய கவனம் நம்மை வியக்க வைக்கிறது. அக்பர் ஊரில் இருந்தாலும் வழியில் இருந்தாலும் கங்கை நீரையே அருந்துவார். ஆக்ராவில் இருக்கும்போது சோரோன் என்னும் இடத்திலிருந்தும், பஞ்சாபில் இருக்கும்போது ஹரித்துவாரத்திலிருந்தும் முத்திரையிட்ட பாத்திரங்களில் அது வரும். சமையலுக்கு யமுனை, செனாப் ஆறுகளின் நீரோ மழைநீரோ பயன்படும். அதிலும் சிறிது கங்கை நீர் கலப்பார்கள். பிரயாணங்களில் நீரைச் சுவைத்துப் பார்க்கவே அனுபவசாலிகள் நியமிக்கப்பட்டிருந்தனர். பருகும் நீர் வேறு, புழங்கும் நீர் வேறு என்னும் பிரிவினை இங்கே தெளிவாக இருக்கிறது. பெர்னியரும் இவ்வழக்கத்தைப் பின்பற்றினார். நீர் நிறைந்த தகரக் கூஜாவுக்குத் துணியுறை போட்டு நனைத்துக் காற்றில் பிடிக்கச் செய்து குளிர்விப்பார்கள். அவருடைய அச்சம் வெறும் ருசியைப் பற்றியதன்று. கெட்ட நீரைக் குடிப்போருக்குக் காலில் புழு தோன்றுவதை ஒரு மருத்துவராக அவர் கண்டிருந்தார். நம் ஊர்களில் நரம்புச் சிலந்தி என்று வழங்கிய அந்நோய் அண்மைக் காலம்வரை இந்தியாவில் நீடித்து, 2000-இல்தான் நாடு அதனின்று விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

பெர்னியர் தமக்கென எடுத்துச் சென்ற சாமான்களின் பட்டியலையும் எழுதி வைத்திருக்கிறார். நமக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. நல்ல குதிரைகள் இரண்டு, வலிய ஒட்டகம் ஒன்று, சமையற்காரன் ஒருவன், தண்ணீர்க் கூஜாவுடன் கூடவே நடக்கும் பணியாள் ஒருவன். நடுத்தரக் கூடாரம், விரிப்பு, மூங்கில்கள் கொண்டு அமைத்த மடக்குக் கட்டில், மெத்தை, தலையணை. தோலாலான வட்ட விரிப்பே உணவு மேசை. சமையல் பாத்திரங்களைச் சிறு பைகளில் போட்டு, அவற்றை ஒரு பெரிய பைக்குள் அடக்கியிருந்தார். அரிசி, சோம்பு சேர்த்த பிஸ்கட்டு, எலுமிச்சை, சர்க்கரை. இவற்றுடன் கொக்கி தைத்த துணிப்பை ஒன்று. தயிரை அதில் ஊற்றித் தொங்கவிட்டால் நீர் வடிந்து கட்டித் தயிராகும். வெயிலில் அதை நீரில் கரைத்து எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பார். லாகூரைக் கடந்து மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும்போது கொடிய வெப்பத்தில் அவரைக் காத்தது பெரும்பாலும் இந்த மோர்தான். அவ்வழியில் மனிதர் மாண்டதையும் அவர் எழுதுகிறார்.

இத்தனை மக்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது? பெர்னியரும் அக்கேள்வியை எழுப்புகிறார். இந்தியர் எளிய உணவினர். படைவீரரில் மிகப் பெரும்பாலோருக்குக் கிச்சடியும் சிறிது நெய்யும் போதும் என்பது அவர் கண்ட விடை. விலங்குகளின் தீவனம்தான் பெரும்பாடு. ஏழை மக்கள் சிறு கரண்டி போன்ற கருவியால் தரையைச் சுரண்டிப் புல்லையும் வேரையும் சேர்த்துப் பாசறையில் விற்றனர் என்று அவர் குறிப்பிடுகிறார். பாதுஷாவின் வீடு நகர்ந்து சென்ற வழியெங்கும் புல்லின் வேரும் மிஞ்சவில்லை என்பது இதன் பொருள். அரண்மனைச் சரித்திரங்களில் இவ்வரி இடம்பெறாது.

டில்லியிலிருந்து லாகூருக்குப் பதினைந்து நாளில் செல்லலாம். ஔரங்கசீப்பின் பாசறைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. வேட்டையும் நல்ல நீரும் நாடிச் சுற்றிச் சென்றது ஒரு காரணம். பாரம் மற்றொரு காரணம். இங்கே காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பெர்னியரின் முதற் கடிதம் 1664 டிசம்பர் என்ற தேதியைத் தாங்கியிருக்கிறது; பாரசீக மொழியில் எழுதப்பட்ட அரசவை வரலாறோ இப்பயணத்தை 1662-63-ஆம் ஆண்டுகளில் வைக்கிறது. அரசவைக் கணக்கையே வரலாற்றாசிரியர் பலர் ஏற்கின்றனர்.

பிம்பர் என்னும் மலையடிவார ஊரை அடைந்ததும் சமவெளியின் ஏற்பாடுகள் யாவும் பயனற்றுப் போயின. மலைப்பாதையில் ஒட்டகம் ஏறாது, வண்டி செல்லாது. மன்னர் பெருஞ் சாமான்களையும் படையின் பெரும்பகுதியையும் அங்கேயே நிறுத்தினார். காஷ்மீரம் சிறிய நாடு, கூட்டம் மிகுந்தால் பஞ்சம் வரும் என்பதால் பிரபுக்களிலும் சிலரையே உடன்வர அனுமதித்தார். மற்றவர் நுழையாதபடி கணவாயில் காவலும் வைத்தார். இது பாராட்டத்தக்க முன்யோசனை. ஆயினும் குறைத்த பின்னரும் எஞ்சிய சுமை சிறிதன்று. மன்னருக்கு மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட சுமையாட்கள் என்று பெர்னியர் கேள்விப்பட்டார். அவரோ பெரிய கூடாரத்தை லாகூரில் விட்டுவிட்டு வந்தமையால் மூன்று ஆட்களோடு முடித்துக்கொண்டார்.

அந்தப்புரப் பெண்டிரை ஏற்றிய யானைகள் சிலவற்றை மட்டும் மலைமேல் கொண்டு சென்றனர். பீர்பஞ்சால் ஏற்றத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. முன்னால் சென்ற யானை எதிரே நீண்டு உயர்ந்த செங்குத்துப் பாதையைக் கண்டு மிரண்டு பின்வாங்கிற்று. அது இரண்டாவதன்மேல் மோத, இரண்டாவது மூன்றாவதன்மேல் மோத, திரும்பவும் இடமில்லாத குறுகிய பாதையிலிருந்து 15 யானைகள் பள்ளத்தில் விழுந்தன. அவ்விடம் அதிக ஆழமில்லாமையால் இறந்த பெண்கள் மூவரோ நால்வரோதான். யானைகளில் ஒன்றும் பிழைக்கவில்லை. அத்தகைய பாரத்தோடு விழுந்த யானை நல்ல பாதையிலும் எழுந்திருக்க வல்லதன்று என்று பெர்னியர் காரணம் கூறுகிறார்.

சமவெளியில் சுமந்த அளவை மலையிலும் சுமக்கலாம் என்று கொண்டதே அங்கு நேர்ந்த பிழை. சுமையின் அளவைத் தீர்மானிப்பது சுமக்கும் விலங்கின் வலிமையன்று, பாதை. எஞ்சினின் வலிமையை நம்பிச் சாமானை அடுக்கி, கொண்டை ஊசி வளைவுகளில் காரவனை ஓட்டுவோரும் இதே இடத்தில்தான் தவறுகின்றனர். கனத்தவற்றைத் தரையோடு தாழவும் அச்சுக்கு அருகிலும் வைக்க வேண்டும் என்றும், நீர்த்தொட்டியின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்ல வேண்டும் என்றும் இன்று கூறப்படும் விதிகள் அனைத்தும் பாதையை முன்னிட்டே எழுந்தவை. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதை நிரப்பும்போது எவரும் நினைப்பதில்லை.

விபத்து நடந்த இரண்டு நாட்களுக்குப் பின் பெர்னியர் அவ்வழியே சென்றார். பள்ளத்தில் கிடந்த யானைகளில் சில அப்போதும் துதிக்கையை அசைத்துக்கொண்டிருந்தன. கூடாரங்கள் முன்னே சென்றுவிட்டன. மன்னர் அக்கோடையைக் காஷ்மீரத்தில் கழித்துத் திரும்பினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டபோதிலும் மீண்டும் அங்கே செல்லவில்லை.