சிங்கப்பூரில் மாணவர் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டுதல்

வாழ்க்கைத்தொழில் வழிகாட்டுதல் என்பது, மாணவர்கள் தம் விருப்பத்தையும் திறனையும் அறிந்து, அவற்றுக்கேற்ற படிப்பையும் வேலையையும் திட்டமிடப் பள்ளி செய்யும் உதவி. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு இதைக் 'கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டுதல்' என்று குறிப்பிடுகிறது. 1960களில் நாட்டின் ஆள்பலத் தேவையை ஒட்டி முளைவிட்ட இப்பணி, 1980களின் பிற்பகுதியில் வகுப்பாசிரியரின் பொறுப்புகளில் ஒன்றானது. 2014க்குப் பின் பயிற்சி பெற்ற ஆலோசகர்களின் தனித்துறையாக வளர்ந்தது. எந்த மாணவர் எந்த வழியில் செல்வது என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு அரசிடமிருந்தும் தேர்விடமிருந்தும் சிறிது சிறிதாக மாணவரின் கைக்கு வந்ததே இதன் வரலாறு. தீவின் வடக்கிலுள்ள ஈசூன் வட்டாரத்தில் அந்த மாற்றத்தின் எல்லாக் கட்டங்களையும் காணலாம்.

பின்னணி

ரப்பர், அன்னாசித் தொழில்களில் செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் (1879–1936) பெயரால் வட்டாரம் நீ சூன் எனப்பட்டது. அப்பெயரின் மாண்டரின் உச்சரிப்பே ஈசூன். இதையடுத்த செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் அங்குப் பெருமளவில் வேலை செய்தனர். தகப்பன் பார்த்த வேலைக்கே மகனும் போவது அக்காலக் குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. தளத்துத் தொழிலாளர்கள் 1960களில் வழிபடத் தொடங்கிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் உள்ளது. தளத்தின் பெயரைக் கொண்ட நேவல் பேஸ் உயர்நிலைப்பள்ளியும் ஈசூனில்தான் இயங்குகிறது.

பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்தது. தளத்தின் கப்பல் பட்டறை அவ்வாண்டே செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனமாக மாறியது. 1971க்குள் படைகளில் பெரும்பகுதியும் கிளம்பியது. பரம்பரையாகக் கிடைக்கும் என்று நம்பியிருந்த வேலை ஒரே அறிவிப்பில் இல்லாமல் போகக்கூடும் என்பதை வடக்குச் சிங்கப்பூர் அப்போது நேரில் கண்டது.

தொழில்மயமும் ஆள்பலமும் (1961–1979)

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தபின் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1968இல் கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விப் பிரிவு உருவானது. 1969 முதல் கீழ் உயர்நிலை வகுப்பு ஆண் மாணவர் அனைவரும் தொழில்நுட்பப் பாடம் படித்தாக வேண்டும் என்றானது. மாணவியரில் பாதிப் பேருக்கும் அந்த வாய்ப்பு அளிக்கப்பட்டது. 1973இல் தொழில்பயிற்சி வாரியம் தோன்றியது. முதியோர் கல்வி வாரியத்துடன் அது 1979இல் இணைக்கப்பட்டது. 1992இல் அதனிடத்தில் தொழில்நுட்பக் கல்விக் கழகம் (ஐ.டி.இ.) வந்தது.

நாட்டுக்கு என்ன வேலையாள் வேண்டும் என்பதுதான் இக்காலத்தின் முதற் கேள்வி. மாணவருக்கு என்ன பிடிக்கும் என்பது பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

தேர்வு காட்டிய வழி (1979–1994)

துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் அளித்த அறிக்கை, பள்ளியைப் பாதியில் விட்டு நின்றுவிடுவோரின் பெருந்தொகையைச் சுட்டியது. மாணவரை ஆற்றலுக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பதே அது சொன்ன தீர்வு. 1980களின் தொடக்கத்தில் உயர்நிலைப்பள்ளிகளில் சிறப்புநிலை, விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் வந்தன. 1994இல் வழக்கநிலை (தொழில்நுட்பம்) சேர்ந்தது. இடைநிற்றல் குறைந்தது. ஆனால் 12 வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணே, ஒரு பிள்ளை தொடக்கக் கல்லூரிக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கா, ஐ.டி.இ.க்கா என்பதைப் பெரும்பாலும் காட்டிவிட்டது. வழி ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டால் வழிகாட்டுவதற்கு மிஞ்சுவது குறைவு.

ஈசூன் புதுநகர் எழுந்ததும் இதே ஆண்டுகளில்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் அருகருகே வந்தன. 1986இல் ஈசூன் தொடக்கக் கல்லூரி தொடங்கியது. 1988 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

பராமரிப்பும் வழிகாட்டலும்

அன்றைய கல்வி அமைச்சர் டோனி டான், பள்ளி முதல்வர்கள் 12 பேருடன் பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகளைப் பார்வையிட்டபின் 1987இல் பள்ளிச் சிறப்பு பற்றிய அறிக்கை வெளியானது. மாணவர் நலப் பராமரிப்பையும் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டலையும் இணைத்த திட்டம் அக்காலத்தில் பள்ளிகளில் அறிமுகமானது. வகுப்பாசிரியரே வழிகாட்டியாகவும் இருந்தார். பாடம், தேர்வு, புறப்பாட நடவடிக்கை ஆகியவற்றுக்கு நடுவில் அவரால் ஒதுக்க முடிந்த நேரம் சிறிது. வேலைச்சந்தை பற்றி அவருக்குத் தெரிந்ததும் பெரும்பாலும் பள்ளிக்கூட உலகத்துக்கு உட்பட்டதே.

இந்தியச் சமூகத்தின் முயற்சி

இந்திய மாணவரின் தேர்ச்சி பின்தங்கியிருந்ததை ஆராய அமைந்த செயற்குழுவின் அறிக்கை 1991இல் வெளிவந்தது. அவ்வாண்டே சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (சிண்டா) பிறந்தது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையில் அதன் அலுவலகம் உள்ளது. இந்திய ஊழியர்கள் மத்திய சேம நிதிவழி மாதந்தோறும் செலுத்தும் சிறு தொகை அதற்கு ஆதாரம். துணைப்பாட வகுப்புகளில் தொடங்கிய சிண்டா, பின்னர் இளையர்களுக்கு வழித்துணையாகும் திட்டங்களையும் நடத்தியது. ஈசூனின் சோங் பாங் வட்டார நாடாளுமன்ற உறுப்பினர் கா. சண்முகமும் அரசியல்வாதி இந்திராணி ராஜாவும் சிண்டாவின் தலைவர்களாக இருந்தவர்கள்.

தனித்துறையாதல் (2013–2017)

2013 நவம்பரில் பலதுறைத் தொழிற்கல்லூரி, ஐ.டி.இ. படிப்புகளை மறுஆய்வு செய்ய ஆஸ்பயர் குழு அமைக்கப்பட்டது. அன்று சட்ட, கல்வி மூத்த துணையமைச்சராயிருந்த இந்திராணி ராஜா அதற்குத் தலைமை தாங்கினார். 2014 ஆகஸ்டில் வந்த அறிக்கையின் பரிந்துரைகளுள் முதன்மையானது, கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டலை வலுப்படுத்துவது. உயர்நிலைப்பள்ளிகள், தொடக்கக் கல்லூரிகள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள், ஐ.டி.இ. ஆகியவற்றில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பணியமர்ந்தனர். அதே ஆண்டில் துணைப் பிரதமர் தர்மன் சண்முகரத்னம் தலைமையில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மன்றம் அமைந்தது. பட்டத்தோடு கல்வி முடிந்துவிடாது, வாழ்நாள் முழுதும் திறன் வளர்க்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

நடைமுறை

இத்துறையின் மூலவர் பிராங்க் பார்சன்ஸ். 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய அவர், தன்னை அறிதல், வேலைகளை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை வகுத்தார். சிங்கப்பூர்ப் பள்ளிகளிலும் அடிப்படை அதுதான். தொடக்கநிலையில் பிள்ளைகள் பலவகை வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள்கின்றனர். உயர்நிலையில் படிப்பு வழிகளை ஆராய்கின்றனர். அதற்கு மேல் திட்டமிடுகின்றனர். 2017இல் வந்த மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையவாசலில் தொடக்கநிலை 5 முதலே மாணவர் தம் ஆர்வத்தைச் சோதித்துக்கொள்ளலாம். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் பிரித்த ஆறு ஆர்வ வகைகள் அச்சோதனைக்கு அடிப்படை.

உயர்நிலைப்பள்ளிகளில் ஓர் ஆலோசகர் பல பள்ளிகளைக் கவனிக்கிறார். நேரில் பேச விரும்புவோர் கிரேஞ்ச் சாலையிலுள்ள அமைச்சின் வழிகாட்டு நிலையத்திலும் நேரம் பெறலாம். 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை, தொழிற்பேட்டை, கடைத்தொகுதிகள் என ஈசூன் மாணவர் வீட்டருகிலேயே பலவகை வேலைகளைப் பார்க்கலாம். ஆண்பிள்ளைகள் திட்டமிடும்போது இரண்டாண்டுத் தேசிய சேவையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் இத்தகைய வழிகாட்டலைப் பெரிய அளவில் முயல்கிறது.

அண்மைய மாற்றங்களும் சிக்கல்களும்

2016இல் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பின்னர் ஐ.டி.இ.யும் முன்கூட்டிய சேர்க்கையைக் கொண்டுவந்தன. மதிப்பெண் வருமுன்பே நேர்முகம், ஆர்வச் சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு இடம் கிடைக்கலாம். இது தேர்வின் பிடியைத் தளர்த்தியது. ஆனால் 16 வயதில் தன் ஆர்வத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கும், வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் உள்ள பிள்ளைக்கும் இதில் அனுகூலம் கூடுதல். அந்த இடைவெளியை நிரப்புவதே ஆலோசகரின் முக்கிய வேலையாகிவிட்டது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்ற வட்டத்துக்குள் நிற்கும் பெற்றோரின் எதிர்பார்ப்பைக் கையாள்வதும் அந்த வேலையில் அடக்கம்.

உயர்நிலைப்பள்ளிப் பிரிவுகளை நீக்கும் முடிவை 2019 மார்ச்சில் கல்வி அமைச்சர் ஓங் யி காங் அறிவித்தார். 2024இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் தம் ஆற்றலுக்கேற்ற நிலையில் படிக்கின்றனர். 2027இல் அவர்கள் எழுதும் பொதுச் சான்றிதழ்த் தேர்வு, சாதாரண, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக வருகிறது. முன்பு உயர்நிலை 4இன் முடிவில் ஒருமுறை செய்த தெரிவை, இனி 13 வயது முதல் பாடம் பாடமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. வழிகாட்டல் கடைசி ஆண்டின் பணியாக நில்லாமல் பள்ளியின் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டிய காரணமும் இதுவே.